அப்பா ஜெயித்த வார்டு

எங்கள் வார்டில் முனிசிபல் தேர்தல் வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். அந்தத் தேர்தலில் என் அப்பாவும் என் மாமனாரும் ஒருவரை எதிர்த்து ஒருவர் நின்றார்கள்.

மாமனார் என்று எழுதுகிறேனே தவிர, அவரை நான் அப்படி நினைத்தது கிடையாது. அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்துக்கொண்டவர். அவருடைய மகனுக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். கல்யாணமாகி மூன்று வருடம் எனக்கு வயிறு திறக்கவில்லை. வேறு வீடாக இருந்தால் என்னென்னவோ பேசியிருப்பார்கள். அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அது வாரப்ப வரும், விடு" என்பாள். அப்படிப்பட்ட வீடு அது.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே தொழில். நெசவுக்காரர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வெளியூருக்கு அனுப்புவார்கள். வெளியூர் போனால் ஒரே வண்டியில் போவார்கள், ஒரே சத்திரத்தில் படுப்பார்கள். அவர்களைப் பிரிக்க ஒரு நாற்காலி வந்தது. அதுவும் அவர்கள் உட்காரப்போகிற நாற்காலி அல்ல.

இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருடம் முந்தி நடந்தது இது. அப்போது வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. நிற்கிற ஆளுக்கு ஒரு நிறம் என்று பெட்டி வைப்பார்கள். ஜெயித்து வந்த கவுன்சிலர்கள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுப்பார்கள். சேர்மன் பதவிக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவரும் ஒரு வக்கீலும் ஆசைப்பட்டார்கள். இரண்டு பேருக்கும் வார்டுக்கு வார்டு தங்கள் ஆள் வேண்டியிருந்தது. மண்டிக்காரர் அப்பாவைப் பிடித்தார். அதைக் கேள்விப்பட்டு வக்கீல் மாமாவைப் பிடித்தார். அப்பாவுக்குச் சிவப்புப் பெட்டி, மாமாவுக்குப் பச்சைப் பெட்டி.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "எங்க பச்சைப் பெட்டிக்கு மருமக வவுத்துல இருந்தே ஒரு ஓட்டு" என்று மாமா என்னைச் சீண்டுவார். என் வளைகாப்பு நாளில் அந்த விளையாட்டு முடிந்தது.

வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக அப்பா சீர்த்தட்டுகளோடு வந்திருந்தார். எனக்கு ஒரு கையில் வளையல் போட்டாகிவிட்டது. இன்னொரு கையை நீட்டியிருந்தேன். அப்போது மாமா எழுந்து வந்து தட்டுகளுக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், நாமினேஷனை வாபஸ் வாங்கிட்டு வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

அப்பா சிரித்தார். "நீங்க வாபஸ் வாங்குங்க மச்சான். பேரனைக் கொண்டாந்து உங்க மடியிலயே போடறேன்."

"அப்ப பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

"இருக்கட்டுமே. எங்க சோத்துல ஒரு படி மிச்சம்."

மாட்டுச் சந்தையில் விலை பேசத் துண்டு போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. துண்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று மாட்டுக்குத் தெரியாது. அம்மா அண்ணன் முகத்தையும் கணவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குங்குமத்தை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். அப்பா தட்டுகளை வைத்துவிட்டு, என்னை விட்டுவிட்டுப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்க சாமி" என்றார்.

அதன் பிறகு மாமா வீட்டில் நான் சிவப்புப் பெட்டிக்காரன் மகள். நான் வந்தால் பேச்சு நிற்கும். அத்தை தட்டை வைத்துவிட்டு, சாப்பிட்டேனா என்று பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் தன் அப்பா முகத்தைப் பார்த்து அதற்கேற்ப நடக்கிறவர். மாமா முகத்தைத் திருப்பியதும் அவரும் திருப்பிக்கொண்டார். வெளியே இரண்டு பக்கமும் தறிக்காரர்களை மிரட்டினார்கள். ஒருவர் நூல் தரமாட்டேன் என்பார், இன்னொருவர் சேலை வாங்கமாட்டேன் என்பார். ஓட்டுள்ள தறிக்காரர்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மண்டிக்காரர் தம் செலவில் வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரைக் கொண்டுவந்தார். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஜனங்களைச் சிரிக்கவைக்கிறவர். வேண்டுமென்றே மாமா வீட்டு முக்கில் மேடை போட்டார்கள், வீட்டுக்குள் இருப்பவர்கள் காதில் விழட்டும் என்று. விளக்கு வைத்த நேரம். நானும் அத்தையும் உள்ளறையில் இருந்தோம். கணவர் வாசல் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சாளர் மாமாவின் மீசையைச் சொன்னார், நடையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. பிறகு மகன் பக்கம் வந்தார்.

"இவர் வார்டுல தண்ணிக் குழாய் போடறாராம்! இவர் ஊட்டுல ஒரு மரம் இருக்குதுங்க. மூணு வருசமாக் காய்க்கல. இப்பத் திடீர்னு காய்ச்சிருக்குது. தண்ணி ஊத்துனது யாருன்னு கேட்டுட்டு, அவருக்கே ஓட்டுப் போட்டுடலாங்க!"

கூட்டம் ஓவென்று கத்திச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் எனக்கு ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. என் அப்பாவுக்குச் சிரித்தால் முடிவில் இருமல் வரும். அந்த இருமல் மேடையிலிருந்து வந்தது.

அத்தை என் வயிற்றைப் பார்த்தாள். நான் கையால் மூடிக்கொண்டேன்.

பேச்சாளர் வெளியூர்க்காரர். எதிரி வீட்டைப் பற்றி யாரோ காதில் போட்டதை எடுத்துவிட்டிருப்பார். அந்த மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் மகள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அப்பாவும் கூட்டத்தோடு சிரித்துவிட்டு அப்புறம்தான் புரிந்துகொண்டிருப்பார் என்று நான் பல வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். புரிந்த பிறகு எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் முடிகிறவரை காத்திருந்தேன். சொல்லவில்லை.

கணவர் அப்படியே வெளியே போனவர் காலையில்தான் வந்தார். நான் முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, உங்கப்பனே கேக்கறான். பதில் சொல்லு."

"ஏனுங்க இப்படிப் பேசறீங்க? அது உங்களை மட்டம் தட்டப் பேசுனதுங்க."

"உங்கப்பன் மேடையில பேசுனது. பெத்தவனுக்குத் தெரியாதா மக சங்கதி?"

நான் மாமாவைப் பார்த்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவர் இதற்கு ஒரு அறை கொடுப்பார் மகனுக்கு என்று நினைத்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அனுப்பிச்சுடு. இப்பவே அனுப்பு, பகல்ல. நாலு பேர் பாக்கட்டும். மக பொடி நடையா வந்து நிக்கறதை அவனும் பாக்கட்டும்."

அவர் என்னிடம் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. கோபம் இருந்திருந்தால் நான் ஒரு மனுஷியாக இருந்திருப்பேன். அத்தை என் மாற்றுச் சேலையைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். அந்த ஒரு தெருவை நான் நடந்து கடந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நான் தாண்டியதும் மறுபடி கேட்டது.

அம்மா என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வாசலுக்கு வந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கண் கலங்கியது. நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். கணவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அப்பா அதற்குப் பதில் சொல்லாமல், "பகல்லயா அனுப்பிச்சான்? யாராரு பாத்தாங்க?" என்று கேட்டார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு மண்டிக்காரரைப் பார்க்கப் போனார்.

மறுநாள் வீட்டு வாசலில் சிவப்புத் துணி சுற்றிய மாட்டுவண்டி வந்து நின்றது.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் சாமி. சும்மா உக்காந்தாப் போதும்" என்றார் அப்பா.

"எனக்கு உடம்பு முடியலைங்கப்பா."

"வைக்கோல் மெத்தையாப் போட்டிருக்குது. அலுங்காம ஓட்டச் சொல்றேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் தலையை வாரிப் பூ வைத்தாள்.

வண்டியின் முன்பக்கம் அந்தப் பேச்சாளர் நின்றார். இப்போது அவருக்கு நான் யார் என்று தெரியும். என்னைக் கண்டதும் கும்பிட்டு, "வா தங்கச்சி" என்று கை கொடுத்து ஏற்றினார். வெயிலுக்கு ஆகட்டும் என்று ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தார். பிறகு குழாயை வாயில் வைத்தார்.

"பாருங்க தாய்மார்களே! வாயும் வவுறுமா இருக்கற என் தங்கச்சியைத் தெருவுல தள்ளுன கைக்கா உங்க ஓட்டு?"

முந்தாநாள் அந்தக் குழாயிலிருந்துதான் மற்றதும் வந்தது. கேட்டவர்களும் அதே ஜனங்கள்தான். அன்று சிரித்தவர்கள் இன்று உச்சுக் கொட்டினார்கள். நான் சோடாவைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வண்டிக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டே நடந்தார்.

மாமா வீட்டுத் தெருவில் வண்டி திரும்பியது. பச்சைப் பெட்டிப் பையன்கள் தகர டப்பாவைத் தட்டி, "யாருது? யாருது?" என்று பாட்டுப் போலக் கத்தினார்கள். கணவர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அத்தை வந்தாள். கையில் வாளி. வாசல் தெளிக்கிற சாணித்தண்ணி. அவள் முகத்தில் வெறி ஒன்றும் இல்லை. ஒரு வேலையைச் செய்து முடிக்கிறவள் மாதிரி வண்டிக்கு அருகில் வந்து, முழு வாளியையும் என் மேல் ஊற்றினாள்.

தலையில் வைத்த பூவோடு கழுத்து வழியாக வயிற்றில் இறங்கியது. சோடா பாட்டில் உருண்டு விழுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனேன். அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். துடைத்துவிடத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

"தொடைக்காதே சாமி" என்றார் தணிந்த குரலில். "அடுத்த தெருவும் பாக்கட்டும்."

துடைக்கவில்லை. வார்டு முழுவதும் அப்படியே போனேன். வெயிலில் சாணி காய்ந்து தோல் இழுத்தது. பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். ஒரு கிழவி மட்டும் வண்டியை மறித்து, "இவளை எறக்கி ஊட்டுக்குக் கொண்டு போங்கடா பாவிகளா" என்று கத்தினாள். யாரோ அவளைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். வண்டி போனது.

அன்றே எனக்கு இடுப்பில் வலி கண்டது. விட்டு விட்டு வந்தது. ஓட்டுப் போடுகிற நாளன்று காலையில் விடாமல் பிடித்துக்கொண்டது. அப்பா விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். மருத்துவச்சியை அம்மாதான் தேடிக் கூட்டிவந்தாள். மாதம் ஆகவில்லை, பிள்ளை தங்குவது கஷ்டம் என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் தெருவில் மேளம் கேட்டது. அப்பா ஜெயித்துவிட்டார். எங்கள் வாசலில் வந்து நின்று வெடி போட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா ஓடிப்போய் நிறுத்தச் சொன்னாள். அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "கவுன்சிலரம்மா வந்துட்டாங்க" என்று அவள் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டுவிட்டார்கள். மாலையோடு உள்ளே வந்தாள். அந்த மேளத்தில்தான் என் மகள் பிறந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு மாதிரி இருந்தாள். அழக்கூடத் தெம்பில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிய பிறகுதான் மியாவ் என்று ஒரு சத்தம் வந்தது.

அப்பா குங்குமமும் வியர்வையுமாக வந்து எட்டிப் பார்த்தார். "ஜெயிச்ச நாள்ல பொறந்திருக்கறா. ராசிக்காரி" என்றார்.

மாமா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பஞ்சில் பாலை நனைத்து நனைத்து அந்தப் பிள்ளையை நானும் அம்மாவும் தேற்றினோம்.

அதற்குள் மேலே வேறு கணக்கு நடந்தது. மண்டிக்காரருக்குச் சேர்மனாகப் போதுமான ஆள் சேரவில்லை. வக்கீலுக்கும் சேரவில்லை. இரண்டு பேரும் ஏற்காட்டில் ஒரு பங்களாவில் உட்கார்ந்து பேசினார்கள். மண்டிக்காரர் சேர்மன், வக்கீல் வைஸ் சேர்மன் என்று முடிந்தது. சர்க்காரில் நியமனம் செய்கிற இடம் ஒன்று இருந்தது. அது தோற்றுப்போன மாமாவுக்கு வந்தது. அப்பாவும் கவுன்சிலர், மாமாவும் கவுன்சிலர். இரண்டு பேரும் இனி ஒரே பக்கம் கை தூக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் ஒரே குதிரைவண்டியில் இருந்து இரண்டு பேரும் எங்கள் வாசலில் இறங்கினார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, "ஏம்மா, தண்ணி கொடு" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அழுதாள், சிரித்தாள், உடனே அடுப்பு மூட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாணித்தண்ணியைவிட அந்த வெளிச்சம்தான் எனக்கு எரிந்தது.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நாள் நல்லாருக்குது. மாமாகூட ஊட்டுக்குப் போயிரு சாமி."

"உங்க மாப்பிள்ளை என்னைக் கேட்ட கேள்வி என்னாச்சுங்கப்பா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"எலெக்சன்ல ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாமா மனசுல வெச்சுக்குவாங்க?" என்றார் அப்பா.

"அவுரு வெச்சிருக்கறாருங்களே."

"நான் சொல்லிக்கறேன் போ" என்றார் மாமா. என்ன சொன்னாரோ, சொன்னாரா என்பதே தெரியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். "போயிரு சாமி. எங்கண்ணன் ஊடு தேடி வந்து கூப்பிடறாரு" என்றாள் அவள். மறுநாள் போனேன். வேறு எங்கே போவது?

கணவர் என்னோடு பேசினார், வாழ்ந்தார். மகளை மட்டும் தொடமாட்டார். அவள் தவழ்ந்து காலடிக்கு வந்தால் காலை மடக்கிக்கொள்வார். நடக்கப் பழகியபோது அவருடைய வேட்டியைப் பிடித்தாள், அவர் துணியை மெதுவாக உருவிக்கொண்டு போனார். அடிக்கமாட்டார், திட்டமாட்டார். அவள் இல்லாத இடத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். தெருப் பிள்ளைகள் அவளை "எலெக்சன்" என்று கூப்பிட்டார்கள். அது தன் செல்லப்பெயர் என்றே அவள் ரொம்ப நாள் நினைத்திருந்தாள். கூப்பிட்டால் ஓடுவாள்.

அவள் ஓடியாடுகிற வயதில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். கணவர் உள்ளே வந்து பிள்ளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தோடு வைத்துக்கொண்டார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்க்க எக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்னுது" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

மகள் அதைப் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. எக்கியவள் குதிகாலைத் தரையில் வைத்தாள். தம்பியைப் பார்க்காமல் போய்விட்டாள்.

பேரனைப் பார்க்க அப்பா வெள்ளி அரைஞாணோடு வந்தார். மறுபடியும் தேர்தல் நெருங்கிய சமயம். மாமாவும் கணவரும் கூடத்தில் இருந்தார்கள். நான் பச்சை உடம்போடு எழுந்து வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றேன்.

"அப்பா, அந்தக் கூட்டத்துல என்னைப் பத்திப் பேசுனது பொய்னு இங்க, இவுங்க முன்னால, உங்க வாயால ஒருக்காச் சொல்லோணும்ங்க."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"அதை நான் பேசலையே சாமி. அந்த ஆளு பேசுனது" என்றார் அப்பா.

"உங்க மேடைங்க. நீங்க சிரிச்சீங்க."

"இப்ப அதைப் பொய்யின்னா, மேடையில பொய் பேச வெச்சேன்னு ஆகும். அந்த ஆளுதான் இந்தத் தடவையும் நமக்குப் பேச வாராரு. எலெக்சன் முடியட்டும், பாக்கலாம்."

மாமா, "ஆமா, முடியட்டும்" என்றார்.

அப்பா மறுபடியும் ஜெயித்தார். அதன் பிறகு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வந்தால் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதை அவர் கவனித்தாரா என்றுகூடத் தெரியாது. அவருக்கு எப்போதும் வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

யுத்தம் முடிந்து, நாடு சுதந்திரமடைந்த பிறகு கணவருக்கு நெஞ்சில் சீக்கு வந்தது. இருமி இருமி ரத்தம் வந்தது. தொற்றிக்கொள்ளும் என்று மகனை அவர் அருகில் விடவில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார். மகளைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. கஞ்சி கொடுப்பதும் எச்சில் கிண்ணத்தை எடுப்பதும் அவள் வேலையாயிற்று. நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த மனிதருக்கு அவ்வளவு பக்கத்தில் அவளை யாரும் விட்டதில்லை.

ஒரு நாள் காலையில் அவள் கிண்ணத்தைக் கழுவப் போனதும், அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு வற்றிக் கன்னம் ஒட்டி, மூக்கும் புருவமும் மட்டும் தனியாகத் தெரிந்தன.

"இவளுக்கு ஆரு ஜாடை?" என்று என்னைக் கேட்டார்.

"கண்ணாடி கொண்டாரட்டுங்களா?" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் திரும்பவில்லை. அந்த வாரத்துக்குள் போய்விட்டார். அப்பாவும் மாமாவும் முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் நடத்தினார்கள். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து தெருவைச் சுத்தமாகக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள்.